ஆற்று நீரும் கடல் நீரும்: கரைந்திருப்பவற்றின் கணக்கு

ஆறுகள்தாம் கடலுக்கு உப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன என்று பள்ளியில் படித்திருப்போம். கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஆற்று நீர் கடலில் கலக்கிறது, தண்ணீர் ஆவியாகிப் போகிறது, உப்பு தங்கிவிடுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு நீரையும் ஆய்வகத்தில் பகுத்து, எண்களை அருகருகே வைத்துப் பார்த்தால் இந்தக் கதை முதல் வரியிலேயே இடறுகிறது.

உலக ஆறுகளின் சராசரி நீரில் என்னென்ன கரைந்திருக்கிறது என்பதை 1963இல் ஆய்வாளர் டேனியல் லிவிங்ஸ்டன் தொகுத்தார். ஒரு லிட்டரில் சுமார் 120 மில்லிகிராம். அதில் ஏறக்குறைய பாதி, அதாவது 58 மில்லிகிராம், பைகார்பனேட். அடுத்து கால்சியம் 15, சிலிக்கா 13, சல்பேட் 11. நாம் உப்பு என்று சொல்லும் பொருளின் இரண்டு பாதிகளான குளோரைடும் சோடியமும் முறையே 8, 6 மில்லிகிராம் மட்டுமே. மக்னீசியம் 4, பொட்டாசியம் 2. பிற்காலக் கணக்குகள் மொத்தத்தைச் சற்றுக் குறைத்து 100க்கு அருகில் வைக்கின்றன, விகிதங்கள் பெரிதாக மாறவில்லை.

இப்போது கடல். ஒரு கிலோகிராம் கடல் நீரில் 35 கிராம் கரைபொருள். குளோரைடு 19.4 கிராம், சோடியம் 10.8 கிராம். இவை இரண்டும் மட்டுமே 86 சதவீதம். ஆற்றில் முதலிடம் பிடித்த பைகார்பனேட் இங்கே 0.14 கிராம், கால்சியம் 0.4 கிராம். ஆற்று நீரை எவ்வளவு சுண்டக் காய்ச்சினாலும் அது கடல் நீராகாது. இது ஏன் என்று புரிந்துகொண்டால் இயற்கை நீரின் வேதியியலில் பெரும்பகுதி புரிந்துவிடும். பைகார்பனேட் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதைப் பின்தொடர்ந்தாலே போதும்.

மழையும் மண்ணும்

மாசே இல்லாத மழைநீரும் அமிலம்தான். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு மழைத்துளியில் கரைகிறது, அதில் ஒரு சிறு பகுதி நீருடன் சேர்ந்து கார்போனிக் அமிலமாகிறது. அந்த அமிலம் ஒரு ஹைட்ரஜன் அயனியை விட்டுக்கொடுத்தால் மிஞ்சுவது பைகார்பனேட். இதனால் மழைநீரின் பி.எச் மதிப்பு, அதாவது அமிலத்தன்மையை அளக்கும் எண், தூய நீருக்குரிய 7இல் நிற்காமல் 5.6க்கு அருகில் வந்து நிற்கிறது. இந்த அளவுகோலில் ஓர் எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். ‘அமில மழை’ என்று செய்திகளில் வருவது வேறு. அது கந்தக, நைட்ரஜன் ஆக்சைடுகள் கரைந்து, பி.எச் மதிப்பு 5க்கும் கீழே, சில இடங்களில் 4 வரை இறங்கிய மழை.

ஆனால் பாறையைக் கரைக்கும் வேலையில் மழை கொண்டுவரும் கார்பன் டை ஆக்சைடின் பங்கு சிறியது. பெரும்பங்கு மண்ணுடையது. வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் மூச்சால் மண்துளைகளில் உள்ள காற்றில் கார்பன் டை ஆக்சைடு வெளிக்காற்றில் இருப்பதைப்போல் 10 முதல் 100 மடங்குவரை சேர்ந்திருக்கும். அதன் ஊடாக இறங்கும் மழைநீர் வலுவூட்டப்பட்ட அமிலமாகப் பாறையைச் சந்திக்கிறது.

சுண்ணாம்புக்கல்லில் இதன் விளைவைக் கணக்கிட்டே பார்க்கலாம். கார்பன் டை ஆக்சைடு அறவே இல்லாத தூய நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 14 மில்லிகிராம் சுண்ணாம்புதான் (கால்சியம் கார்பனேட்) கரையும். வெளிக்காற்றோடு தொடர்பிலுள்ள நீரில் ஏறக்குறைய 50 மில்லிகிராம் கரையும். ஒரு சதவீதம் கார்பன் டை ஆக்சைடு உள்ள மண்காற்றோடு தொடர்பிலிருந்தால் அதைப்போல் மூன்று மடங்கு. கரைவது ஒரு கால்சியம் அயனியும் இரண்டு பைகார்பனேட் அயனிகளும். இந்த இரண்டில் ஒன்றின் கார்பன் பாறையிலிருந்து வந்தது, மற்றொன்றின் கார்பன் காற்றிலிருந்து வந்தது. இந்தப் பாதிக்குப் பாதி பின்னால் தேவைப்படும்.

வினை திரும்பியும் நடக்கும். நிறையக் கார்பன் டை ஆக்சைடோடு வந்த நீர் ஒரு குகையின் கூரையில் கசிந்தால், குகைக்காற்றில் அந்த வாயு குறைவாக இருப்பதால் நீரிலிருந்து வெளியேறுகிறது. அதைத் தாங்கிப் பிடித்திருந்த சமநிலை கலைந்து சுண்ணாம்பு மீண்டும் படிகிறது. தொங்கும் சுண்ணப் பாறைகள் இப்படித்தான் வளர்கின்றன. கடின நீரைக் கொதிக்கவைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதும் இதே வினைதான். கள ஆய்வு செய்பவர்கள் பி.எச் மதிப்பையும் காரத்தன்மையையும் (அமிலத்தைத் தாங்கும் திறன்) கிணற்றடியிலேயே அளந்துவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதற்கும் இதுவே காரணம். புட்டியில் அடைத்து இரண்டு நாள் கழித்து ஆய்வகத்தில் அளந்தால், இடைவேளையில் வாயு வெளியேறி, பி.எச் உயர்ந்து, சில சமயம் சுண்ணாம்பும் புட்டியின் சுவரில் படிந்திருக்கும். அளக்கப்படுவது அந்தக் கிணற்றின் நீர் அல்ல.

கிரானைட் போன்ற சிலிக்கேட் பாறைகளில் கதை மெதுவாக நடக்கிறது. அவற்றில் மிகுதியாக உள்ள பெல்ட்ஸ்பார் கனிமத்தைக் கார்போனிக் அமிலம் அரிக்கும்போது சோடியம், பொட்டாசியம், கால்சியம் ஆகியவை கரைந்து வெளியேறுகின்றன. கொஞ்சம் சிலிக்காவும் கரைகிறது. அலுமினியமும் மீதிச் சிலிக்காவும் சேர்ந்து களிமண்ணாக அங்கேயே தங்குகின்றன. இங்கே உண்டாகும் பைகார்பனேட்டின் கார்பன் முழுவதும் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் வந்தது, பாறையிலிருந்து துளியும் இல்லை.

உண்டான பைகார்பனேட் ஏன் அப்படியே நீடிக்கிறது? கார்போனிக் அமிலமும் பைகார்பனேட்டும் சரிசமமாக இருப்பது பி.எச் 6.35இல். பைகார்பனேட்டும் கார்பனேட்டும் சமமாக இருப்பது 10.33இல். இடைப்பட்ட பரப்பில் பைகார்பனேட்தான் ஆட்சி செய்கிறது. ஆறுகளும் நிலத்தடி நீரும் பெரும்பாலும் 6.5க்கும் 8.5க்கும் நடுவில் இருப்பதால் அவற்றில் அது மிகுந்திருப்பதில் வியப்பில்லை.

காரத்தன்மை என்கிற தாங்குதிறன்

தொடக்கநிலை வாசகர்கள் மிக அதிகமாகக் குழப்பிக்கொள்ளும் இடம் இது என்று நினைக்கிறேன். பி.எச் மதிப்பு, நீர் இப்போது எவ்வளவு அமிலமாக இருக்கிறது என்று சொல்கிறது. காரத்தன்மை, அந்த நீரில் இன்னும் எவ்வளவு அமிலத்தைக் கொட்டினால் அது தோற்கும் என்று சொல்கிறது. ஒரே பி.எச் மதிப்புள்ள இரண்டு ஏரிகளின் காரத்தன்மை பத்து மடங்கு வேறுபடலாம். இயற்கை நீரில் காரத்தன்மை என்பது பெரும்பாலும் பைகார்பனேட்டின் அளவுதான். வந்து சேரும் ஹைட்ரஜன் அயனியைப் பைகார்பனேட் பிடித்துக்கொண்டு கார்போனிக் அமிலமாகி, கார்பன் டை ஆக்சைடாக வெளியேறிவிடும். கையிருப்பு உள்ளவரை பி.எச் அதிகம் அசையாது.

ஐரோப்பாவின் தொழிற்சாலைகளும் அனல்மின் நிலையங்களும் வெளியிட்ட கந்தகப் புகை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கண்டத்தின் பல பகுதிகளிலும் அமில மழையாகப் பெய்தது. ஆனால் மீன்கள் செத்தொழிந்த ஏரிகள் நார்வேயின் தென்பகுதியிலும் ஸ்வீடனிலும் குவிந்திருந்தன. அங்கே அடியில் இருப்பது கிரானைட், அதன்மேல் மெல்லிய மண். மெதுவாகக் கரையும் பாறை என்பதால் ஏரிகளில் பைகார்பனேட் கையிருப்பு மிகக் குறைவு. சுண்ணாம்புக்கல் நிலத்து ஏரிகள் அதே மழையை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தன. கையிருப்பு தீர்ந்த ஏரிகளில் பி.எச் 5க்கு அருகில் சரிந்ததும் மண்ணிலிருந்து அலுமினியம் கரைந்து வந்தது. மீன்களின் செவுள்களைப் பாழாக்கியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஸ்வீடன் பிறகு ஆயிரக்கணக்கான ஏரிகளில் அரைத்த சுண்ணாம்புக்கல்லைக் கொட்டியது. பாறை செய்யத் தவறிய வேலையைக் கையால் செய்வதுதான் அது.

ஒரு சோதனைக் கணக்கு

நீர் ஆய்வறிக்கை ஒன்று கைக்கு வந்தால் முதலில் செய்ய வேண்டியது, அதை நம்பலாமா என்று பார்ப்பது. எந்த நீரும் மின்னூட்டம் கொண்டதாக இருக்க முடியாது. நேர்மின் அயனிகளின் மொத்தமும் எதிர்மின் அயனிகளின் மொத்தமும் சமமாக வர வேண்டும். மில்லிகிராமை அப்படியே கூட்டினால் இது தெரியாது. ஒவ்வொன்றையும் அதன் சமான எடையால் வகுத்து மில்லிசமானமாக மாற்ற வேண்டும். சமான எடை என்பது அயனியின் எடையை அதன் மின்சுமையால் வகுத்தது. கால்சியத்துக்கு 20, மக்னீசியத்துக்கு 12.15, சோடியத்துக்கு 23, பொட்டாசியத்துக்கு 39. எதிர்ப்பக்கம் பைகார்பனேட்டுக்கு 61, சல்பேட்டுக்கு 48, குளோரைடுக்கு 35.5.

லிவிங்ஸ்டனின் சராசரி ஆற்றில் போட்டுப் பார்ப்போம். கால்சியம் 15ஐ 20ஆல் வகுத்தால் 0.75. மக்னீசியம் 4.1 தருவது 0.34, சோடியம் 6.3 தருவது 0.27, பொட்டாசியம் 2.3 தருவது 0.06. கூட்டினால் 1.42. எதிர்ப்பக்கம் பைகார்பனேட் 58.4 தருவது 0.96, சல்பேட் 11.2 தருவது 0.23, குளோரைடு 7.8 தருவது 0.22, நைட்ரேட் 1 தருவது 0.02. கூட்டினால் 1.43. சிலிக்கா பெரும்பாலும் மின்சுமையற்ற மூலக்கூறாகக் கரைந்திருப்பதால் கணக்கில் வராது.

நல்ல அறிக்கையில் இரு பக்கமும் ஐந்து சதவீதத்துக்குள் ஒத்துப்போகும். பத்தைத் தாண்டினால் ஏதோ ஓர் அளவீடு தவறு, அல்லது ஏதோ ஓர் அயனி அளக்கப்படவே இல்லை. வேறுபாடு அச்சுப் பிசகாமல் சுழியமாக வந்தாலும் எனக்குச் சந்தேகம் வரும். சோடியத்தை அளக்காமல், மீதத்தைச் சோடியம் என்று எழுதி நிரப்பும் பழக்கம் பழைய அறிக்கைகளில் உண்டு.

ஆக்சிஜன் தீர்ந்த பிறகு

இதுவரை சொன்னது அமிலமும் பாறையும் பற்றியது. நிலத்தடியில் இறங்கினால் இரண்டாவது அத்தியாயம் தொடங்குகிறது. 20 டிகிரி செல்சியஸில் காற்றோடு தொடர்பிலுள்ள ஒரு லிட்டர் நன்னீரில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். மண்ணிலுள்ள கரிமப்பொருளைத் தின்னும் நுண்ணுயிர்கள் வெறும் மூன்றரை மில்லிகிராம் கார்பனை எரிப்பதற்குள் அது தீர்ந்துவிடும். பூமிக்கடியில் காற்று எளிதில் மீண்டும் வந்து சேராது.

ஆக்சிஜன் தீர்ந்தால் நுண்ணுயிர்கள் பட்டினி கிடப்பதில்லை. அடுத்து அதிக ஆற்றல் தரக்கூடியது எதுவோ அதைப் பிடித்துக்கொள்கின்றன. முதலில் நைட்ரேட். அது தீர்ந்ததும் மாங்கனீஸ் ஆக்சைடு, பிறகு இரும்பு ஆக்சைடு, பிறகு சல்பேட். கடைசியில் மீத்தேன் உண்டாகும் நிலை. ஒவ்வொரு படிக்கும் நீரில் ஒரு தடயம் உண்டு. நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாகிக் காணாமல் போகும். துருவாகக் கெட்டியாக இருந்த இரும்பு, ஓர் எலக்ட்ரானைப் பெற்றதும் கரையும் வடிவத்துக்கு மாறும். சல்பேட் குறைந்து அழுகிய முட்டை வாடை வரும்.

இறைக்கும்போது தெளிவாக இருந்து, வாளியில் சற்று நேரம் வைத்தால் பழுப்பாகக் கலங்கும் கிணற்று நீரைப் பலர் பார்த்திருப்பார்கள். கரைந்திருந்த இரும்பு காற்றைச் சந்தித்து மீண்டும் துருவாகிறது, அவ்வளவுதான். அறிக்கையைச் சரிபார்க்கவும் இந்த வரிசை உதவும். ஒரே நீரில் நைட்ரேட்டும் கரைந்த இரும்பும் சேர்ந்து மிகுதியாக இருந்தால், வேறு வேறு ஆழத்து நீர் கிணற்றுக்குள் கலக்கிறது என்று பொருள். இல்லையென்றால் மாதிரியை வடிகட்டாமல் அமிலம் சேர்த்திருப்பார்கள், மிதந்த துருத்துகள்கள் கரைந்து ‘கரைந்த இரும்பு’ என்று எண்ணப்பட்டிருக்கும்.

இதே வரிசைதான் வங்காளத்தின் ஆர்சனிக் துயரத்துக்கும் அடியில் இருக்கிறது. குளத்து நீரின் கிருமிகளிலிருந்து தப்பிக்க வங்கதேசத்தில் 1970களிலிருந்து லட்சக்கணக்கான ஆழமற்ற குழாய்க் கிணறுகள் இறக்கப்பட்டன. தொற்று நோய்களைத் தவிர்க்க எடுத்த நல்ல முயற்சிதான். 1983 வாக்கில் எல்லைக்கு இந்தப்புறம் மேற்கு வங்காளத்தில் தோல் நோயாளிகளிடம் ஆர்சனிக் நஞ்சு அடையாளம் காணப்பட்டது. 1993இல் வங்கதேசத்துக் கிணறுகளிலும் உறுதியானது. பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனம் வங்கதேச அரசுத் துறையுடன் சேர்ந்து செய்த கணக்கெடுப்பில், 150 மீட்டருக்குக் குறைந்த ஆழமுள்ள கிணறுகளில் 27 சதவீதம், லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்ற அந்நாட்டு வரம்பைத் தாண்டியிருந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு மதிப்பு இன்னும் குறைவு, 10 மைக்ரோகிராம்.

இத்தனைக்கும் அந்த வண்டலில் ஆர்சனிக் அசாதாரணமாக மிகுந்திருக்கவில்லை. கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயத்திலிருந்து சுமந்துவந்த மணல்துகள்களின் மேல் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது, ஆர்சனிக் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கரிமப்பொருளோடு சேர்ந்து புதையுண்ட வண்டலில் ஆக்சிஜன் தீர்ந்து, நைட்ரேட் தீர்ந்து, இரும்பின் முறை வரும்போது பூச்சு கரைகிறது, பிடிமானம் போன ஆர்சனிக் நீருக்குள் வருகிறது. நஞ்சின் அளவைத் தீர்மானித்தது மூலப்பொருளின் அளவு என்பதைவிட, அது எந்த வேதிச் சூழலில் மாட்டிக்கொண்டது என்பதே. இரும்புப் பூச்சு இன்னும் கரையாமல் செம்பழுப்பாக இருக்கும் மணலில் இறக்கிய கிணறுகளில் ஆர்சனிக் பொதுவாகக் குறைவு, சாம்பல்நிற மணலில் அதிகம். 150 மீட்டருக்கும் ஆழத்தில், பழைய வண்டலில், வரம்பைத் தாண்டிய கிணறுகள் ஒரு சதவீத அளவே.

கடல் எதை வைத்துக்கொள்கிறது

சரி, தொடங்கிய கேள்விக்கு வருவோம். அயர்லாந்தைச் சேர்ந்த புவியியலாளர் ஜான் ஜோலி 1899இல் ஒரு துணிச்சலான கணக்குப் போட்டார். கடலிலுள்ள மொத்தச் சோடியத்தை, ஆறுகள் ஆண்டுதோறும் கொண்டுவரும் சோடியத்தால் வகுத்தால் கடலின் வயது கிடைத்துவிடுமே! அவருக்குக் கிடைத்த விடை 8 முதல் 9 கோடி ஆண்டுகள். பூமியின் வயது 450 கோடி ஆண்டுகளுக்கும் மேல் என்று இன்று நமக்குத் தெரியும். வகுத்தலில் பிழை இல்லை. உள்ளே வந்த சோடியம் வெளியே போவதே இல்லை என்று எடுத்துக்கொண்டதுதான் பிழை.

அதே வகுத்தலை நாமும் செய்யலாம். ஆறுகள் ஆண்டுக்கு ஏறக்குறைய 37,000 கன கிலோமீட்டர் நீரைக் கடலில் கொட்டுகின்றன. கடலின் கொள்ளளவு 137 கோடி கன கிலோமீட்டர். ஆக, காலியான கடலை ஆறுகள் நிரப்ப 37,000 ஆண்டுகள் ஆகும். கடலில் சோடியத்தின் செறிவு ஆற்றில் உள்ளதைப்போல் ஏறத்தாழ 1,700 மடங்கு. 37,000ஐ 1,700ஆல் பெருக்கினால் ஆறு கோடியைத் தாண்டும். கால்சியம் 27 மடங்குதான், எனவே பத்து லட்சம் ஆண்டுகள். பைகார்பனேட் இரண்டரை மடங்குகூட இல்லை, ஒரு லட்சம் ஆண்டுகளுக்கும் குறைவு. இந்த எண்கள் கடலின் வயது அல்ல. ஓர் அயனி உள்ளே வந்து வெளியேறும் வரை சராசரியாக எவ்வளவு காலம் தங்குகிறது என்பதன் அளவு. புவிவேதியியலில் இதற்குத் தங்கும் காலம் என்று பெயர்.

கடலின் உப்பு இப்படித்தான் தேர்ந்தெடுக்கப்பட்டது. கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் சிப்பிகளும் பவளங்களும், அவற்றைவிட முக்கியமாக நுண்ணிய மிதவை உயிர்களும் ஓடாகக் கட்டி அடிக்கு அனுப்புகின்றன. அது சுண்ணாம்புக்கல்லாகிறது. சிலிக்காவை டயட்டம்கள் என்னும் நுண்பாசிகள் எடுத்துக்கொள்கின்றன. குளோரைடையும் சோடியத்தையும் விரும்பி எடுத்துக்கொள்ள யாருமில்லை. அவை வெளியேற, கடலின் ஒரு துண்டு அடைபட்டு வற்ற வேண்டும். சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மத்திய தரைக்கடலில் அது நடந்தது. அன்று படிந்த உப்பு இன்றும் அதன் அடியில் சில இடங்களில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தடிமனாகக் கிடக்கிறது.

முன்பு சொன்ன பாதிக்குப் பாதி இங்கே தேவைப்படுகிறது. ஓடு கட்டும்போது இரண்டு பைகார்பனேட்டில் ஒன்றின் கார்பன் ஓட்டில் போகிறது, மற்றொன்று கார்பன் டை ஆக்சைடாகத் திரும்பிவிடுகிறது. சுண்ணாம்புக்கல் கரைந்து கடலில் மீண்டும் சுண்ணாம்புக்கல்லானால் வளிமண்டலத்துக்கு நிகர லாபமோ நட்டமோ இல்லை. ஆனால் சிலிக்கேட் பாறை அரிக்கப்பட்டு வந்த பைகார்பனேட்டின் கார்பன் முழுவதும் காற்றிலிருந்து வந்ததல்லவா? அதில் பாதி கடலடியில் நிரந்தரமாகப் புதைகிறது. லட்சக்கணக்கான ஆண்டுகள் அளவில் பூமியின் வெப்பநிலையைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதில் இந்த மெதுவான புதைப்புக்குப் பங்கு உண்டு. நம் நூற்றாண்டின் அவசரத்துக்கு அது உதவாது.

கடலுக்குப் போகாத நீர்

ஆற்று நீரை உண்மையிலேயே சுண்டக் காய்ச்சினால் என்ன ஆகும் என்பதற்கு, வெளியேற வழியில்லாத ஏரிகள் விடை சொல்கின்றன. ஆவியாகும் நீரில் முதலில் வீழ்படிவாவது சுண்ணாம்பு, ஏனென்றால் அதுதான் மிகக் குறைவாகக் கரையும். அது கால்சியத்தையும் காரத்தன்மையையும் சமமான மில்லிசமான அளவில் எடுத்துக்கொண்டே போகும். தொடக்கத்தில் எது சிறிதளவு கூடுதலாக இருந்ததோ அது மட்டுமே இறுதியில் மிஞ்சும். புவிவேதியியலாளர்கள் லாரன்ஸ் ஹார்டியும் ஹான்ஸ் யூக்ஸ்டரும் 1970இல் இந்தப் பிரிவினையைத் தெளிவாக எடுத்துக்காட்டினார்கள். தொடக்க வேறுபாடு கடுகளவுதான், முடிவுகளோ நேரெதிர்.

கால்சியம் மிஞ்சினால் கார்பனேட் ஏறக்குறைய இல்லாத குளோரைடு நீர். சாக்கடல் இந்த வகை, பி.எச் மதிப்பு 6க்கு அருகில். அதன் உப்பில் பழங்காலக் கடல்நீரின் பங்கும் உண்டு என்பதால் அதை வெறும் ஆவியான ஆறு என்று சொல்லிவிட முடியாது. பைகார்பனேட் மிஞ்சினால் கால்சியமே இல்லாத சோடா ஏரி. கலிபோர்னியாவின் மோனோ ஏரியில் பி.எச் கிட்டத்தட்ட 10, தான்சானியாவின் நேட்ரான் ஏரியில் அதற்கும் மேல்.

நிலத்தடியிலும் இதன் சிறு வடிவம் நடக்கிறது. களிமண் அடுக்குகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும்போதும், சுண்ணாம்பு படியும்போதும் நீரில் கால்சியம் குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் மிகுகின்றன. சோப்பு நன்றாக நுரைக்கும் மென்னீர் அது, ஆகவே நல்ல நீர் என்று எண்ணத் தோன்றும். ஆனால் ஃபுளோரைடின் அளவுக்கு உச்சவரம்பு போடுவது கால்சியம்தான். இரண்டும் மிகுந்தால் கால்சியம் ஃபுளோரைடாக வீழ்படிவாகிவிடும். கால்சியம் இல்லாத நீரில் அந்தத் தடை இல்லை, பாறையிலிருந்து வரும் ஃபுளோரைடு சேர்ந்துகொண்டே போகலாம். கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கில் பல் கறைகளும் எலும்பு நோயும் பரவலாக இருப்பதற்கு, எரிமலைப் பாறையின் ஃபுளோரைடோடு இந்தக் கால்சியம் பற்றாக்குறையும் காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு மதிப்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். ஃபுளோரைடுக்கு நிறமில்லை, அந்த அளவில் வாடையோ சுவையோ தெரியாது. ஓர் அறிக்கையில் சோடியமும் பைகார்பனேட்டும் உயர்ந்து, கால்சியம் ஒற்றை இலக்கத்தில் நின்றால், அடுத்து பார்க்க வேண்டிய வரி ஃபுளோரைடு. அந்த வரியே அறிக்கையில் இல்லையென்றால், அதைத் தனியாகக் கேட்டு அளக்கச் சொல்ல வேண்டும்.